வங்குரோத்து முடிந்த பின் வந்த இரண்டு வரிக் கடிதங்கள்: எதைக் கட்ட வேண்டும், எதைக் கட்டத் தேவையில்லை?

கேள்வி: கிங்ஸ்டன் வீதிச் சாரதி

வணக்கம் உறவுகளே. நான் கனடாவின் ஸ்காபரோவில் மனைவியுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். பல ஆண்டுகளாகச் செயலி வழியாகப் பயணிகளை ஏற்றி இறக்கும் வேலை செய்கிறேன். எவரிடமும் சம்பளத்துக்கு இல்லை, சுயதொழில்தான். கடனட்டைகள், வாகனக் கடன், 2020, 2021ஆம் ஆண்டுகளுக்கான வரி நிலுவை என்று எல்லாம் சேர்ந்து தலைக்கு மேல் போய்விட்ட நிலையில், 2023 ஓகஸ்ட் 14ஆம் திகதி, கடன் கட்ட இயலாதவர்களின் கோப்புகளை நடத்தும் உரிமம் பெற்ற ட்ரஸ்டி ஒருவர் மூலம் வங்குரோத்துப் பதிவு செய்தேன். மாதாந்த வரவு செலவு அறிக்கைகளைத் தவறாமல் கொடுத்தேன். கட்டாயமான இரண்டு ஆலோசனை அமர்வுகளுக்கும் போனேன். ஒன்பது மாதம் கழிந்ததும், 2024 மே மாதத்தில், கடன்களிலிருந்து விடுவிப்புச் சான்றிதழ் கைக்கு வந்தது. வருமானவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டியிருந்த பழைய நிலுவையும் அந்தக் கடன் பட்டியலில் இருந்தது என்பதை ட்ரஸ்டி எழுத்திலேயே தந்திருக்கிறார்.

இப்போது என் கையில் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. முதலாவது, 2023ஆம் ஆண்டுக்கான நிலுவை ஏறத்தாழ 5,950 டொலர் என்று சொல்கிறது. அதில் "2023 ஓகஸ்ட் 14 முதல் டிசம்பர் 31 வரை" என்று ஒரு காலம் குறிப்பிடப்பட்டிருக்கிறது. தாமதத்துக்கான தண்டப்பணமும் வட்டியும் அதனுள் அடக்கம். அந்தக் காலத்துக்கான வரிப் படிவத்தை ட்ரஸ்டியின் அலுவலகமே தாக்கல் செய்யும் என்றுதான் எனக்கு விளங்கியிருந்தது. அவர்கள் செய்யவில்லை என்பது தெரியவந்த பிறகு, 2024 நவம்பர் தொடக்கத்தில் ஒரு கணக்காளரைக் கொண்டு தாக்கல் செய்வித்தேன். இரண்டாவது கடிதம் கடந்த மாதம், அதாவது 2025 ஏப்ரலில் வந்தது. 2021ஆம் ஆண்டுக்கு நான் காட்டிய வாகனச் செலவில் ஒரு பகுதியை, ஓட்டக் குறிப்பேடு இல்லையென்று கழித்துவிட்டு, மேலும் 3,400 டொலர் கேட்கிறார்கள்.

வங்குரோத்து முடிந்தால் பழைய கணக்கு தீர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு கடிதங்களும் விடுவிப்புக்குப் பின்னர் வந்தவை. இவற்றுள் எதைக் கட்ட வேண்டும், எதைக் கட்டத் தேவையில்லை என்று விபரம் தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். மனைவிக்கு வரும் பிள்ளைகள் நலக் கொடுப்பனவை நிறுத்திவிடுவார்களோ என்பதே வீட்டில் பெரிய கவலை.

பதில்: எண்ணும் எழுத்தும்

வணக்கம் அண்ணா. நான் மார்க்கம் நகரில் வரிக் கணக்கு வேலை செய்பவன். உங்கள் இரண்டு கடிதங்களையும் ஒரே கடன் என்று எண்ணியதால்தான் குழப்பம் வந்திருக்கிறது. ஒரு வரிக்கடன் வங்குரோத்துக்குள் அடங்குமா அடங்காதா என்பதைக் கடிதத்தின் திகதி தீர்மானிப்பதில்லை. எந்தக் காலத்து வருமானத்துக்கான வரி என்பதே தீர்மானிக்கிறது. அந்த அளவுகோலால் பார்த்தால், உங்களுக்குப் பெரிதாகத் தெரியும் முதல் கடிதம் நீங்கள் கட்டவேண்டிய கடன். இரண்டாவது கடிதத்தில் உள்ளது பெரும்பாலும் கட்டத் தேவையற்றது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். கனடாவின் வருமானவரிச் சட்டத்தின்படி, ஒருவர் வங்குரோத்து அடைந்த நாளில் அவருக்கு ஒரு புதிய வரி ஆண்டு பிறக்கிறது. அதற்கு முந்திய நாளோடு பழைய ஆண்டு முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. ஆகவே 2023ஆம் ஆண்டுக்கு உங்களுக்கு இரண்டு படிவங்கள். ஜனவரி 1 முதல் ஓகஸ்ட் 13 வரை ஒன்று, ஓகஸ்ட் 14 முதல் டிசம்பர் 31 வரை மற்றொன்று. முதலாவது படிவத்தை ட்ரஸ்டி தாக்கல் செய்வார். அதில் வரும் வரி மற்றைய கடன்களோடு சேர்ந்துவிடும். அதில் மீளளிப்பு ஏதும் வந்தால் அதுவும் ட்ரஸ்டிக்கே போகும். இரண்டாவது படிவம் உங்களுடையது. அதையும் ட்ரஸ்டி அலுவலகங்கள் பல சமயம் செய்து கொடுப்பதுண்டு, ஆனால் சுயதொழில் செய்பவர்களுக்குச் செய்யாமல் விடுவதும் நான் அடிக்கடி காண்பதுதான். எவர் தாக்கல் செய்தாலும் அதில் வரும் வரியைக் கட்டும் பொறுப்பு உங்களுடையதே. வங்குரோத்து நாளுக்குப் பின்னர் உருவான கடனை அந்த வங்குரோத்து தொடாது. விடுவிப்பு 2024 மே மாதம் வரை தள்ளிப்போனது இதில் எதையும் மாற்றாது.

ஐந்து மாதம்கூட முழுதாக இல்லாத காலத்துக்கு இத்தனை வரியா என்று நீங்கள் கேட்டால் அது நியாயம். உங்கள் படிவத்தை நான் பார்க்கவில்லை என்றாலும், அந்தக் காலத்தில் செலவு போக நிகர வருமானம் 21,000 டொலர் அளவில் இருந்திருந்தால் கணக்கு பொருந்துகிறது. அடிப்படைத் தனிநபர் வரவு, அதாவது வரி விதிக்காமல் விடப்படும் தொகை, ஆண்டு முழுவதற்கும் ஒருமுறைதான். அதை இரு படிவங்களுக்கும் நாட்கணக்கில் பிரித்துவிடுகிறார்கள். 2023இல் மத்திய அரசின் அடிப்படை வரவு 15,000 டொலர். உங்கள் இரண்டாவது படிவத்துக்கு உரிய 140 நாட்களுக்கு 5,753 டொலர்தான் கிடைக்கும். மத்திய அரசு, ஒன்ராறியோ மாகாண வரி இரண்டும் சேர்ந்து 2,700 டொலர் அளவில் வரும். மிச்சம் கனடா ஓய்வூதியத் திட்டக் கட்டணம். சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு இதில் பாதியை முதலாளி கட்டுகிறார். சுயதொழிலாளர் இரு பாதியையும் தானே கட்ட வேண்டும், 2023இல் அது 11.9 சதவீதம். 21,000 டொலருக்கு ஏறத்தாழ 2,300 டொலர். ஆக அசல் ஐயாயிரத்தை எட்டுகிறது. சம்பளக்காரருக்கு இவை யாவும் கைக்கு வரும் முன்பே பிடிபட்டுவிடுவதால், அவருடைய இரண்டாவது படிவத்தில் பெரும்பாலும் நிலுவை இருக்காது. சாரதிகளும் கட்டட வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களும் மட்டும் இந்த இடத்தில் அடிபடுவது இதனால்தான்.

தண்டப்பணம் எப்படி வந்தது என்றால், சுயதொழிலாளர் படிவத்தைத் தாக்கல் செய்ய ஜூன் 15 வரை அவகாசம் உண்டு, ஆனால் பணத்தை ஏப்ரல் 30க்குள் கட்டிவிட வேண்டும். தாமதமாகத் தாக்கல் செய்தால் நிலுவையில் 5 சதவீதமும், முழுதாகக் கழிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 1 சதவீதமும், கூடியது பன்னிரண்டு மாதம் வரை ஏறும். நவம்பர் தொடக்கத்தில் தாக்கல் செய்தபடியால் உங்களுக்கு 9 சதவீதம், ஏறத்தாழ 450 டொலர். வட்டி 2024 மே முதலே நாள்தோறும் கூட்டுவட்டியாக ஏறியிருக்கிறது. 2024 தொடக்கத்தில் ஆண்டுக்கு 10 சதவீதமாக இருந்த அந்த வீதம் 2025 தொடக்கத்தில் 8 சதவீதமாகக் குறைந்தது.

இந்தத் தண்டப்பணத்தையும் வட்டியையும் தள்ளுபடி செய்யும்படி கேட்கத் தனிப் படிவம் இருக்கிறது, ஆர்சி4288 என்பது அதன் இலக்கம். அசல் வரியை அதனால் ஒரு சதம்கூடக் குறைக்க முடியாது. வங்குரோத்தின் நடுவே இருந்தமை, கைமீறிய பொருளாதார நெருக்கடி, படிவத்தை மற்றவர் செய்வார் என்று நம்ப வைத்த எழுத்து ஏதும் இருந்தால் அது ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் கேட்காமல் விடுவதற்குக் காரணம் இல்லை.

பதில்: பச்சைமிளகாய்

இவ்வளவு கணக்குப் பார்ப்பானேன்? வங்குரோத்து எடுத்தவரிடம் அரசாங்கம் எதைப் பிடுங்க முடியும்? கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு இருங்கள், மிஞ்சினால் இன்னொரு முறை வங்குரோத்துப் பதிவு செய்யலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு முறை எடுத்து இப்போது நன்றாகத்தான் இருக்கிறார்.

பதில்: முகில்வண்ணன்

பச்சைமிளகாய் சொல்வதை எவரும் பின்பற்ற வேண்டாம் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஒரு ட்ரஸ்டி அலுவலகத்தில் நீண்டகாலம் கோப்புகள் பார்த்தவன். முதல் முறை, உபரி வருமானம் (அரசு வகுத்த அளவுக்கு மேலான வருமானம்) இல்லாதவருக்கு ஒன்பது மாதத்தில் முடிகிற விடயம், இரண்டாம் முறை குறைந்தது இருபத்து நான்கு மாதம் இழுக்கும். உபரி வருமானம் இருந்தால் முப்பத்தாறு மாதம். ஆறாயிரம் டொலர் கடனுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் மறுபடியும் மாதாந்த அறிக்கை எழுதிக்கொண்டு, ட்ரஸ்டிக்குக் கட்டணமும் கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. அதைவிட, அந்தக் காலத்திலும் நீங்கள் வாகனம் ஓட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். ஆகவே இதே மாதிரியான இரண்டாவது படிவம் ஒன்று மறுபடியும் பிறக்கும்.

அரசாங்கம் எதைப் பிடுங்க முடியும் என்று கேட்டிருக்கிறார். கடனட்டை நிறுவனம் உங்கள் சம்பளத்தில் கைவைக்க வேண்டுமானால் நீதிமன்றம் போய்த் தீர்ப்பு வாங்க வேண்டும். வருமானவரித் திணைக்களத்துக்கு அது தேவையில்லை. வங்கிக்கோ, உங்களுக்குப் பணம் அனுப்பும் நிறுவனத்துக்கோ ஒரு கடிதம் அனுப்பினால் போதும், பணம் நேராக அங்கே போய்விடும். வாராவாரம் செயலியிலிருந்து வரும் வருமானத்தில் வாழும் ஒருவருக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது கடிதத்தைப் பற்றி எண்ணும் எழுத்தும் சொன்னது சரி. 2021ஆம் ஆண்டின் வருமானம் வங்குரோத்துக்கு முந்தியது. அதன் மீதான வரி, எப்போது மதிப்பிடப்பட்டாலும், வங்குரோத்தில் கோரக்கூடிய கடனே. உங்கள் விடுவிப்போடு அதுவும் விடுபடுகிறது. திணைக்களம் ஒரு ஆண்டின் கணக்கை, முதல் மதிப்பீட்டு அறிவித்தல் அனுப்பியதிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை மீண்டும் திறக்கலாம். நீங்கள் 2021ஆம் ஆண்டுப் படிவத்தை 2022 ஜூன் அளவில் தாக்கல் செய்திருந்தால், அந்தக் கதவு மூடப்போகும் வேளையில் இந்தக் கடிதம் வந்திருக்கிறது. அப்படி வருவது வழமையானதுதான். மறுமதிப்பீடு செய்யும் பிரிவும் வங்குரோத்துக் கணக்குகளைப் பார்க்கும் பிரிவும் வேறு வேறு.

செய்யவேண்டியது இதுதான். விடுவிப்புச் சான்றிதழின் பிரதி, வங்குரோத்துத் திகதியும் கோப்பு இலக்கமும் உள்ள பக்கம், இந்தக் கடிதத்தின் பிரதி மூன்றையும் சேர்த்து, "இந்த நிலுவை 2023 ஓகஸ்ட் 14க்கு முந்திய காலத்துக்குரியது, ஆகவே விடுவிக்கப்பட்ட கடனாகப் பதிவு செய்யவும்" என்று எழுதித் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். தொலைபேசியில் கதைக்கும்போது, வங்குரோத்துக் கணக்குகளைக் கையாளும் பிரிவுக்கு மாற்றும்படி கேளுங்கள். பொது இலக்கத்தில் முதலில் எடுப்பவரின் திரையில் நிலுவைத் தொகைதான் தெரியும். உங்கள் ட்ரஸ்டியின் பணி முடிந்திருந்தாலும் அவரிடமும் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பெரும்பாலானோர் தாமே ஒரு கடிதம் அனுப்பிவிடுவார்கள்.

விலக்குகளும் உண்டு, படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மோசடியால் ஏற்பட்ட கடன் விடுபடாது. குறிப்பேடு இல்லாததால் செலவைக் கழித்துவிடுவது மோசடி அல்ல, ஆனால் போலிப் பற்றுச்சீட்டு வேறு கதை. தொழிலாளர்களின் சம்பளத்தில் பிடித்துக் கட்டாமல் விட்ட பணத்துக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. வங்குரோத்துக்கு முன்பே உங்கள் வீட்டின் மீது திணைக்களம் உரிமைப் பதிவு செய்திருந்தால், அந்தப் பதிவு வீட்டோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். வீட்டை விற்கும்போது வந்து நிற்கும். தனிநபர் வருமானவரிக் கடன் மட்டும் 200,000 டொலர் அல்லது அதற்கு மேல் இருந்து, அது பிணையற்ற கடன்களில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ ஆனால், ஒன்பது மாதத்தில் தானாக வரும் விடுவிப்பே கிடையாது. நீதிமன்றத்தில் நின்று கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: கிங்ஸ்டன் வீதிச் சாரதி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 21,000 என்று எண்ணும் எழுத்தும் சொன்னது என் படிவத்தில் உள்ள தொகைக்கு மிக அருகில் இருக்கிறது. கனடா ஓய்வூதியக் கட்டணம் என்ற வரியில் 2,300க்குச் சற்று மேல் போட்டிருக்கிறார்கள். அதை வரி என்றே நினைத்திருந்தேன். வீடு சொந்தமில்லை, வாடகைதான். ஆகவே உரிமைப் பதிவு பற்றிய பயமில்லை.

இன்னும் மூன்று விடயங்கள் கேட்க வேண்டும். முதலாவது, மனைவிக்கு வரும் பிள்ளைகள் நலக் கொடுப்பனவு. இரண்டாவது, என்னால் மாதம் 300 டொலருக்கு மேல் இப்போதைக்குக் கட்ட இயலாது; அதற்கு அவர்கள் சம்மதிப்பார்களா, அல்லது ட்ரஸ்டி வழியாகக் கன்சியூமர் புரொப்போசல் (கடனில் ஒரு பகுதியைத் தவணையில் கட்டித் தீர்க்கும் ஒப்பந்தம்) ஒன்று போடுவது நல்லதா? நண்பர் ஒருவர் அதைத்தான் பலமாகச் சொல்கிறார். மூன்றாவது, எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரிக் கணக்கையும் அந்த ஓகஸ்ட் மாதத்தில் பிரித்திருக்க வேண்டுமா? அதைப் பற்றி எவரும் என்னிடம் வாய் திறக்கவில்லை.

பதில்: எண்ணும் எழுத்தும்

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன் அண்ணா, ஏனென்றால் அதுதான் அவசரம். செயலி வழியாகப் பயணிகளை ஏற்றுவோர், வருமானம் 30,000 டொலருக்குக் குறைவாக இருந்தாலும், 2017 ஜூலை 1 முதல் எச்.எஸ்.ரி.க்குப் பதிவு செய்தே ஆக வேண்டும். பயணி கட்டும் 13 சதவீதம் உங்கள் கைக்கு வந்து போகும் பணம். அது உங்கள் வருமானம் அல்ல. வங்குரோத்து வரும்போது எச்.எஸ்.ரி.யின் கணக்குக் காலமும் உடைகிறது. வங்குரோத்துக்கு முந்திய எச்.எஸ்.ரி. நிலுவை மற்றைய கடன்களோடு போய்விட்டது. பிந்தியது, வருமானவரியைப் போலவே, உங்கள் தலையில். 2023இன் அந்தப் பிற்பகுதிக்குரிய எச்.எஸ்.ரி. படிவம் தாக்கல் செய்யப்பட்டதா என்று உங்கள் இணையக் கணக்கில் இன்றே பாருங்கள். செய்யப்படவில்லையென்றால், அவர்கள் உத்தேசமாக ஒரு தொகையை மதிப்பிட்டு அனுப்பும் முன் நீங்களே செய்துவிடுங்கள். சுருக்க முறையில் கணக்கு வைப்பவராக இருந்தால், ஒன்ராறியோவில் சேவைத் தொழிலுக்கு, எச்.எஸ்.ரி. உட்பட்ட மொத்த வரவில் 8.8 சதவீதம் கட்ட வேண்டும். முதல் 30,000 டொலருக்கு 1 சதவீதச் சலுகையும் உண்டு.

ஏன் அவசரம் என்றால், வருமானவரி மதிப்பீட்டுக்குப் பின் பொதுவாக 90 நாட்கள் வரை வசூல் நடவடிக்கை எடுக்க முடியாது. ஆட்சேபனை தாக்கல் செய்தால் அது முடியும் வரை, சர்ச்சைக்குரிய தொகைக்கு அந்தத் தடை நீளும். எச்.எஸ்.ரி.க்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஆட்சேபித்துக்கொண்டிருக்கும் போதே வங்கிக் கணக்கில் கைவைக்கலாம். உங்கள் முதல் கடிதத்தின் தொகையில் பிழை இருப்பதாகக் கணக்காளர் கருதினால், அதற்கு ஆட்சேபனை தாக்கல் செய்ய 2025 ஜூன் நடுப்பகுதி வரை அவகாசம் இருக்கிறது. செலவுகளில் ஏதும் விடுபட்டிருந்தால் அதுதான் வழி, அல்லது படிவத்தைத் திருத்தும்படி கேட்கலாம். வரி கூடுதல் என்று தோன்றுவது மட்டும் ஆட்சேபனைக்குக் காரணமாகாது.

பிள்ளைகள் நலக் கொடுப்பனவைப் பற்றி வீட்டில் நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். உங்கள் வருமானவரி நிலுவைக்காக அதைப் பிடிக்கச் சட்டம் இடமளிக்கவில்லை. அந்தக் கொடுப்பனவே முன்பு கூடுதலாகத் தரப்பட்டிருந்தால் மட்டும், அதை அதிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். உங்கள் பெயரில் வரும் வரி மீளளிப்பும், விற்பனை வரிக்கு ஈடாக அரசு தரும் ஜி.எஸ்.ரி. வரவும் அப்படியல்ல, அவற்றை நிலுவைக்கு எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளும்போது அது 2023 கணக்குக்குப் போகிறதா, விடுபட்டிருக்க வேண்டிய 2021 கணக்குக்குப் போகிறதா என்று கணக்கு அறிக்கையில் ஒருமுறை பாருங்கள். முகில்வண்ணன் சொன்ன கடிதத்தை முதலில் அனுப்பச் சொல்வது இதற்காகவும்தான். மனைவியின் வருமானத்தையோ சேமிப்பையோ உங்கள் வரிக்காகத் தொட முடியாது, நீங்கள் வரிக்கடன் இருக்கும்போது அவர் பெயருக்குச் சொத்து எதையும் மாற்றிக் கொடுக்காத வரை.

மாதம் 300 டொலர் விடயத்தில், நீங்களே முந்திக்கொண்டு பேசுவது நல்லது. வருமானம், வாடகை, வாகனச் செலவு, பிள்ளைகளின் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். முடிந்தால் வங்கி அறிக்கைகளும் பக்கத்தில் இருக்கட்டும். ஓராண்டுக்குள், கூடிப்போனால் இரண்டு ஆண்டுகளுக்குள் தீரும் திட்டமாக இருந்தால் ஏற்றுக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் உறுதியாகக் கேட்பது, அதற்குப் பிந்திய ஆண்டுகளின் படிவங்கள் தாக்கலாகியிருக்க வேண்டும், புதிய நிலுவை சேரக்கூடாது என்பதையே. ஆகவே 2024ஆம் ஆண்டுக் கணக்கை ஜூன் 15க்குள் முடித்துவிட்டு, அதன் தொகையையும் சேர்த்துப் பேசுங்கள். சமூக நிலையங்களில் தன்னார்வலர்கள் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் முகாம்களில் உங்கள் கணக்கை எடுக்க மாட்டார்கள். சுயதொழில் செலவுக் கணக்கும் வங்குரோத்து நிகழ்ந்த ஆண்டும் அந்தத் திட்டத்துக்கு வெளியே. அங்கே வரிசையில் நின்று ஏமாற வேண்டாம்.

பதில்: முகில்வண்ணன்

கன்சியூமர் புரொப்போசல் பற்றி ஒரு வார்த்தை. அது நல்ல கருவிதான், 250,000 டொலருக்குட்பட்ட கடனுக்கு எவரும் போடலாம். வங்குரோத்துக்குப் பிந்திய வரிக்கடனையும் அதில் சேர்க்கலாம். பதிவு செய்த நாளோடு வட்டி நின்றுவிடும். ஆனால் அது கடன் கொடுத்தவர்களின் வாக்கில் நடப்பது, வாக்கு தொகையின் அளவுக்கு ஏற்றது. நீங்கள் கட்ட வேண்டியதோ ஒரேயொருவருக்குத்தான், திணைக்களத்துக்கு. மற்றவர்கள் சம்மதித்து இழுத்துச் செல்லும் வாய்ப்பு இல்லை. திணைக்களம் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது. மாதம் 300 டொலர் கட்டினால் வட்டி உட்பட இரண்டு ஆண்டுகளுக்குள் தீரும் ஒரு கடனைக் குறைத்துக்கொள்ள அவர்கள் ஏன் சம்மதிக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எச்.எஸ்.ரி.யும் 2024ஆம் ஆண்டு வரியும் சேர்ந்து இருபதாயிரத்தைத் தாண்டினால் கதை வேறு; அப்போது ஒரு ட்ரஸ்டியிடம் போய்க் கேளுங்கள், முதல் ஆலோசனைக்குப் பெரும்பாலானோர் பணம் வாங்குவதில்லை. முந்திய ட்ரஸ்டியிடமே போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இப்போது வங்குரோத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் சாரதிகள் எவரேனும் இருந்தால், உங்கள் மாதாந்த அறிக்கையில் வருமானத்துக்கு எதிரே வரிக்கென்று ஒரு தொகையைக் கழிக்க இடமிருக்கிறது. உபரி வருமானம் கணக்கிடப்படுவது அந்தத் தொகை போகத்தான். அதை அறிக்கையில் மட்டும் எழுதிவிட்டுச் செலவழிக்காமல், வேறொரு வங்கிக் கணக்கில் மாதாமாதம் போட்டு வையுங்கள். எச்.எஸ்.ரி.யைத் தனியாகவும், மிச்சத்தில் கால் பங்கு அளவை வரிக்கும் ஓய்வூதியக் கட்டணத்துக்கும் தனியாகவும் எடுத்துவைத்தால் பெரும்பாலும் போதும். பதிவு செய்யும் நாளில் ஓட்டமானியில் உள்ள எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். இரண்டு படிவங்களுக்கும் வாகனச் செலவைப் பிரிக்கும்போது அது நல்ல ஆதாரம். பதிவு செய்யும் நாளிலேயே ட்ரஸ்டியிடம், "இரண்டாவது படிவத்தை யார் தாக்கல் செய்வது?" என்று எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: கிங்ஸ்டன் வீதிச் சாரதி

இன்று காலை இணையக் கணக்கைப் பார்த்தேன். எண்ணும் எழுத்தும் சந்தேகித்தபடியே 2023இன் பிற்பகுதிக்கான எச்.எஸ்.ரி. படிவம் தாக்கலாகவில்லை. கணக்காளரிடம் செயலியின் ஆண்டு அறிக்கையை அனுப்பிவிட்டேன், இந்த வாரத்துக்குள் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். 2021 பற்றிய கடிதத்தைச் சான்றிதழ்ப் பிரதியோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், ட்ரஸ்டிக்கும் மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். எச்.எஸ்.ரி. தொகை தெரிந்த பிறகு 2023 வரி, எச்.எஸ்.ரி., 2024 வரி மூன்றையும் சேர்த்து மாதத் தவணை கேட்டு அழைக்கப் போகிறேன். என்ன சொன்னார்கள் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.